இடைச்செருகல்

பழமை என்பது ஒன்று. பழமைபோல் தோன்றுவது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியும் கண்ணைப் பெறுவதற்கு நெடுநாளைய பயிற்சி வேண்டும். அக்கண்ணைப் பெற்ற பிறகு, கண்டதைக் கண்டவாறே எடுத்துரைக்கும் நாவைப் பெறுதல் அதனினும் அரிது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய மின்கித்தார் ஒன்றை விலைக்கு வாங்கச் சென்ற நாளில் இவ்வுண்மையை உணர நேர்ந்தது.

அவர் இளமையில் இசைக்குழு ஒன்றில் கித்தார் வாசித்தவர் என்பதை அவரிடம் இலக்கணம் பயின்ற மாணவர்கள் அறியார். 1970களில் சிங்கப்பூரின் திருமண வீடுகளிலும் சமூக நிலையங்களிலும் வாசித்து வந்த சிறு குழு அது. அக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர் எல்லாருக்கும் மூத்தவர். ஆதலின் எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’. பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டில் தீவை விட்டு வெளியேறியபோது, தாயகம் திரும்பிய படைவீரர் ஒருவரிடமிருந்து அண்ணன் அக்கருவியை வாங்கினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் வேறொரு கருவியை அவர் தேடவில்லை.

அண்ணன் மறைந்து ஓராண்டு கழிந்தது. அவருடைய துணைவியார் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். “கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார், தம்பி. மேலே பூசியிருக்கிற கறுப்புச் சாயத்தைப் பார்த்துவிட்டு, யாரோ பல இடத்துச் சாமான்களைச் சேர்த்துப் பூட்டியது என்று சொல்லி ஒரு சிறு தொகை கேட்கிறார். அதை வெளியாருக்குக் கொடுப்பதைவிட, அதே விலைக்கு நீங்களே எடுத்துக்கொண்டால் அவர் மனம் மகிழும்” என்றார். மறுநாள் மாலையே ஆசிரியர் தோ பாயோவிலுள்ள அவ்வீட்டிற்குச் சென்றார். கைப்பையில் ஒரு திருப்புளி, ஒரு சிறு கைவிளக்கு, ஓர் உருப்பெருக்காடி ஆகிய மூன்றும் இருந்தன.

அக்கருவியின் வரலாற்றை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் 1938ஆம் ஆண்டில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தவர் லியோ ஃபெண்டர். கித்தார் வாசிக்கத் தெரியாத அவர், 1951ஆம் ஆண்டில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் நான்கு தந்திக் கருவியை உருவாக்கினார். அதற்குமுன் கீழ்ச்சுரங்களை ஒலிக்க ஆளுயரத்தினும் பெரிய டபுள் பேஸைத்தான் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. எக்காளத்திற்கும் முரசுக்கும் இடையே அதன் ஒலி அடங்கிப்போவதும் உண்டு. ஃபெண்டரின் கருவியோ தோளில் தொங்கியது. மின்பெருக்கியின் வழியே முழங்கியது. விரற்பலகையில் மெட்டுகள் பதிக்கப்பட்டமையால் சுரம் பிறழாது நின்றது. ‘துல்லியம்’ என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்த காரணமும் இதுவே.

அதன் அமைப்பில் கருதத்தக்க சிறப்பொன்று உண்டு. வயலினைப்போல் அதன் கழுத்து பசையால் ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. பழுதுற்ற உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய உறுப்பைப் பூட்டிக்கொள்ள இவ்வமைப்பு வழிசெய்தது. வானொலி பழுதுபார்த்தவரின் கைப்பழக்கம் இதில் விளங்குகின்றது. ஆனால் காலம் செய்த விந்தையைக் காணுங்கள்! மாற்றுவதற்கென்றே அமைந்த உறுப்புகள் மாற்றப்படாமல் இருந்தால்தான் இன்று பெருவிலை. 1965ஆம் ஆண்டு சனவரியில் ஃபெண்டர் தம் தொழிலைச் சி.பி.எஸ். நிறுவனத்திற்கு ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முற்பட்ட கருவிகளைச் சேகரிப்போர் தனி மதிப்போடு தேடுகின்றனர். ஒரு திருகாணி மாறியிருப்பினும் முகம் சுளிப்போர் அவர்களுள் உண்டு.

ஆசிரியர் கருவியை மேசைமேல் விரித்த துணியின்மீது கிடத்தினார். திருப்புளியைத் தொடுமுன், “கழற்றிப் பார்க்கலாமா அண்ணி?” என்று இசைவு கேட்டார். அவர் தலையசைத்துவிட்டுத் தேநீர் கலக்கச் சென்றார்.

ஏட்டுச்சுவடியை ஆராய்வோர், மேலட்டையில் எழுதிய பெயரை நம்பி முடிவு கூறுவதில்லை. சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் தேர்ந்த முறையை ஆசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவர். அம்முறையே இங்கும் அவருக்குக் கைகொடுத்தது. தலைப்பகுதியில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் பிறர் போலியாக அச்சிடக் கூடும். பின்புறக் கழுத்துத் தகட்டில் ‘எல்’ என்னும் எழுத்தோடு தொடங்கும் வரிசை எண் அறுபதுகளின் முற்பகுதியைச் சுட்டியது. எனினும் அவ்வெண் தகட்டில் உள்ளதேயன்றி மரத்தில் உள்ளதன்று. தகட்டை எவரும் மாற்றிப் பூட்டலாம். ஆகவே இவை புறச்சான்றுகள். அகச்சான்று உள்ளேதான் இருத்தல் வேண்டும்.

தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளையும் கழற்றி, கழுத்தை மெல்லப் பிரித்தார். உடலினுள் மறைந்திருந்த அதன் அடிப்பகுதியில் மை முத்திரை ஒன்று தெளிவாகத் தெரிந்தது: ஐந்து என்னும் எண், அக்டோபர் என்பதன் சுருக்கம், அறுபத்து மூன்று. அந்த ஐந்தை நாள் என்று மயங்குவோர் பலர். அது பிரிசிஷன் பேஸ் வகைக்குரிய குறியெண். ஆகவே கழுத்து 1963 அக்டோபரைச் சேர்ந்தது.

அடுத்து முகப்புத் தகட்டை அகற்றினார். ஒலியளவையும் ஒலிச்சாயலையும் மாற்றும் இரு குமிழ்களின் கீழுள்ள மின்தடைக் கருவிகளின்மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் அவற்றைச் செய்த நிறுவனத்தையும், பின்வருவன ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். ஒலிச்சாயல் குமிழின்கீழ் 304, 63, 20 என்றிருந்தது. 1963ஆம் ஆண்டின் இருபதாம் வாரம். உறுப்பு முன்பே வந்து காத்திருக்க, கழுத்து பின்னர்ச் செய்யப்பட்டுப் பூட்டப்பெறுதல் இயல்பே. ஆண்டெண் பொருந்தியது. ஒலியளவுக் குமிழின்கீழோ 137, 74, 11 என்றிருந்தது. நிறுவனமும் வேறு, ஆண்டும் வேறு. ஏனைய இணைப்புகளில் ஈயப்பற்று ஒருமுறையே உருகி உறைந்து வழவழப்பாக இருக்க, இங்கு மட்டும் அது மீண்டும் உருகித் திரண்டு கிடந்தது.

இஃது இடைச்செருகல். ஆசிரியர் புன்னகைத்தார், அச்செருகலைச் செய்தவர் யார் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஒரு திருமண வரவேற்பில் அண்ணனின் கருவி கரகரவென்று ஓலமிட்டது. மறுநாள் அதற்குப் புது உறுப்பை வாங்கிப் பற்றவைத்த கைகள் அவருடையவையே.

கறுப்புச் சாயத்தின் கதையும் அவர் அறிந்ததே. குழுவினர் அனைவரும் கருநிற உடை அணிவதென முடிவானபோது, அண்ணன் தம் கருவிக்கும் அந்நிறத்தைப் பூசினார். கழுத்து பொருந்தும் குழியிலும் முகப்புத் தகட்டின் ஓரத்திலும் பழைய வண்ணம் எஞ்சியிருந்தது. நடுவே மஞ்சளும், பின் செம்மையும், விளிம்பில் கருமையுமாக விரியும் அந்திவான் போன்ற பூச்சு அது. அக்காலத்தில் உடலைச் சிறு ஆணிகளின்மேல் நிறுத்திச் சாயம் உலர்த்துவர். அவ்வாணிகள் பதிந்த துளைகளும் உரிய இடங்களில் இருந்தன. தந்தி முறுக்கும் நான்கு ஆணிகளுள் ஒன்று பிற்காலத்தது. ஒலியைக் கவரும் காந்தச் சுருள்களும் தந்திகளைத் தாங்கும் பாலமும் மாறாதவை.

கணக்கு முடிந்தது. மாறியவை மூன்று: சாயம், ஒரு குமிழின் உள்ளுறுப்பு, ஒரு முறுக்காணி. மாறாதவை ஏனைய யாவும். சாயம் மாறினால் விலை பாதியாகும் என்பது விற்போர் வழக்கு. அப்பாதியும்கூடக் கடைக்காரர் கூறிய தொகையைப்போல் பன்மடங்கு. இதை அறிந்தவர் அவ்வீட்டில் ஒருவரே.

சமையலறையில் கோப்பைகள் ஒலித்தன. கழுத்தை மீண்டும் பூட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. வாய் திறவாமல் இருந்தாலே போதும். விலையைக் கேட்டவர் கடைக்காரர், ஒப்பியவர் அண்ணி, இடையே அவர் செய்த குற்றம் என்ன? மேலும், கூறிய பின் உரிய விலையைக் கொடுக்க அவரிடம் பணமும் இல்லை. உண்மையைச் சொன்னால் கருவி கைநழுவும். சொல்லாவிட்டால் கைக்கு வரும். கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் இடையே நடைபெறும் வாணிகத்தில் கல்வியே களவுக் கருவியாவதை அவர் அக்கணத்தில் கண்டார்.

தேநீர் வந்தது. ஆசிரியர் கழுத்தைப் பூட்டாமலே வைத்திருந்தார். “அண்ணி, இப்படி வந்து உட்காருங்கள்” என்று அழைத்து, முத்திரையையும் எண்களையும் உருப்பெருக்காடியின் வழியே ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைக்காரர் கேட்ட தொகை தகாது என்பதையும் கூறினார்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கறுப்பு மெருகைக் கையால் தடவியவாறு கேட்டார்: “அப்படியானால் அவர் இந்தச் சாயத்தைப் பூசியது தவறா, தம்பி?”

ஆசிரியர் அவ்வினாவை எதிர்பார்க்கவில்லை. சற்று எண்ணிப் பார்த்தார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் அமெரிக்கக் கலைஞரின் புகழ்பெற்ற பேஸ் கித்தார் அவர் நினைவுக்கு வந்தது. அதில் மெட்டுகள் நீக்கப்பட்டு, விரற்பலகைமீது எப்பாக்ஸி பூசப்பட்டிருந்தது. சேகரிப்போர் கணக்கில் அது பிழைமேல் பிழை. உலகம் வியந்த ஓசையோ அதிலிருந்துதான் பிறந்தது.

“தவறு இல்லை, அண்ணி. அவர் விற்பதற்காக வாங்கவில்லை, வாசிப்பதற்காக வாங்கினார். மாற்றியதில் குற்றம் இல்லை. மாற்றியதை மறைத்தால்தான் குற்றம்” என்றார்.

அன்று அவர் கருவியை வாங்கவில்லை. ஒரு தாளில் மாறியவை, மாறாதவை, மாற்றியவர், அதற்குரிய காரணம் ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டு அண்ணியிடம் கொடுத்தார். வேறு இருவரிடம் விலை கேட்கும்படியும் சொல்லி வந்தார். இரு வாரங்கள் சென்றன. அண்ணி மீண்டும் அழைத்தார். விலை கேட்டுவிட்டதாகவும், அவ்விலையை ஆசிரியர் திங்கள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் போதும் என்றும் கூறினார். ஆசிரியர் ஒரு வெள்ளியும் குறைத்துக் கேட்கவில்லை. அடுத்த ஓராண்டு முழுவதும் முதல் வாரத்தில் அவ்வீட்டிற்குச் செல்வதும், பணத்தைக் கொடுத்துத் தேநீர் அருந்தி வருவதும் அவர் வழக்கமாயின.

கறுப்பைச் சுரண்டிவிட்டுப் பழைய வண்ணத்தை மீட்கலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார். ஆசிரியர் இணங்கவில்லை. பழைய வண்ணத்தைப்போல் இன்று பூசுவதும் மற்றோர் இடைச்செருகலே. முன்னதாவது அண்ணனின் கைப்பட்டது.

1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வழியே அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கேட்போர், மெட்டுக்கு அடியில் பேஸ் கித்தார் தனிவழி நடந்து பாட்டைத் தாங்கிச் செல்வதை உணர்வர். கூர்ந்து கேளாதார்க்கு அது கேட்பதில்லை; அதை நீக்கினாலோ பாட்டு வெறுமையாகும். நேர்மையும் அத்தகையதே போலும்.

கருவிப் பெட்டியினுள் அந்தத் தாள் இன்றும் இருக்கின்றது. அதன் இறுதியில் ஆசிரியர் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்: “நான்கு தந்திகளும் புதியவை; மாற்றியவன் நான்.”