சாப்டூரில் ஏறித் தாணிப்பாறையில் இறங்கி

மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. யானைமலை, நாகமலை, பசுமலை, பரங்குன்றம் என்று எந்தத் திக்கில் பஸ் ஏறினாலும் ஒரு மலை கொஞ்ச தூரம் கூடவே வந்து வழியனுப்பிவிட்டுப் போகிறது. பஞ்சமெல்லாம் காட்டுக்குத்தான். இவற்றில் பெரும்பாலானவை வெறும் பாறை. விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி, வெயில் உறைப்பதற்குள் இறங்கி, குளித்துவிட்டு ஆபீசுக்கும் போய்விடலாம். மரநிழலிலே ஒரு முழுப் பகல் நடக்க வேண்டுமென்றால் அழகர்மலைக்கோ சிறுமலைக்கோ போகவேண்டும். அதற்கும் மேலே ஆசைப்படுகிறவர்கள் சதுரகிரிக்குப் போகிறார்கள்.

எங்கள் வீட்டிலே அந்த ஆசை என் மாமனாருக்கு வந்தது. வயது எழுபத்தொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். 1972-ல், பதினெட்டு வயதில், தம் தகப்பனாரோடு ஆடி அமாவாசைக்குப் போனவர். சாப்டூர் வரைக்கும் வில்வண்டி. அங்கிருந்து ஏறி, சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் கும்பிட்டுவிட்டு, வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையில் இறங்கினார்களாம். இந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். போன தீபாவளிக்குத்தான் கதை கோரிக்கையாக மாறியது.

“இன்னொரு தரம் அந்தச் சுத்து சுத்தி வரணும், மாப்பிள்ளே. ஒரே ஒரு தரம்.”

போன வழியே திரும்பாமல் வேறு வழியாக வந்து சேருவதில் மனிதனுக்கு ஒரு தனிச் சபலம் உண்டு. நாம் கிரிவலம் வருகிற ஜனங்கள். திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே நடந்துவிடுகிறோம். ஆனால் கிரிவலம் என்பது மலையின் பாதத்தைச் சுற்றுவது. காலடியிலே தார் ரோடு, பத்தடிக்கு ஒரு டீக்கடை, கால் வலித்தால் ஆட்டோ. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற சுற்று வேறு ஜாதி. நேர்வழியில், முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பலாம். வந்த வழி தெரிந்த வழி. சுற்றுவழியில் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதும் முன்னேறுவதும் ஒரே தூரம். அதிலும் முன்னே இருப்பது கண்ணால் பாராத பாதை.

என் மைத்துனன் பாங்கியில் வேலை பார்க்கிறவன். எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பான். “அத்தான், சாப்டூர்ல ஆடு மேய்க்கிற ஆள் ஒருத்தர் இருக்காராம். ஆயிரம் ரூபாய் குடுத்தா வாழைத்தோப்பு வழியா மேலே கொண்டுபோய் விட்டுடுவாராம். அப்பா ஆசைப்படறார். செய்வோமே” என்றான்.

சொல்வது சுலபம். மாமனார் ஏறின மலை இன்று வேறு சட்டத்தின் கீழ் இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காக அந்தக் காடு சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. பொது ஜனங்களுக்குத் தாணிப்பாறை வழிதான் வழி. சாப்டூர்ப் பாதை நினைத்தபோது நுழையக்கூடிய பாதையல்ல. தாணிப்பாறையிலும் காலையில் வாசலைத் திறந்து முற்பகலில் அடைத்துவிடுகிறார்கள். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். இரவு தங்கக் கூடாது. மழை என்றால் ஏறவே விடமாட்டார்கள். அனுமதிக்கிற நாளும் நேரமும் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்புமுன் விசாரித்தாக வேண்டும்.

இதையெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையிலே திடீர் வெள்ளம் வந்து பக்தர்களை அடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பாதை ஓடையை ஒரு தரமல்ல, பல தரம் குறுக்கே கடக்கிறது. மேலே மலையில் கொட்டுகிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அவன் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், காலடியிலே தண்ணீர் நிறம் மாறும். நிறம் மாறியதைக் கண்டு யோசிக்க ஆரம்பிப்பதற்குள் முழங்கால் வரை வந்துவிடும்.

நெருப்பு இன்னொன்று. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனிப் பக்கம் குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களும் பெண்களும் காய்ந்த புற்சரிவில் தீயிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். காட்டுத்தீக்கு ஒரு குணம்: மேட்டிலே ஏறும்போது அதன் வேகம் பன்மடங்காகிறது. சுவாலை முன்னே சாய்ந்து, எட்டவிருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துக்கொண்டு வருகிறது. மனிதனோ மேட்டிலே ஏறும்போதுதான் மெதுவாகிறான்.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி பிறந்தால் புல் காய ஆரம்பித்துவிடும். நடுவே கிடைப்பது தை மாதம் ஒன்றுதான். ஆடி அமாவாசை புண்ணிய நாளாக இருக்கலாம். அந்த நெரிசலில் ஸ்டென்ட் வைத்தவரைக் கூட்டிக்கொண்டு போகிற புண்ணியம் எனக்கு வேண்டாம்.

அடுத்தது நேரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி. தாணிப்பாறையிலிருந்து கோயில் சுமார் ஏழு கிலோமீட்டர். ஏற்றத்தையும் சேர்த்தால் மூன்று மணியில் அடங்கிவிடும் போலத் தோன்றும். அவர் குளிர்தேசத்துக்காரர், வழுக்குப் பாறையும் சங்கிலிப் பாறையும் அவர் கணக்கில் இல்லை. நான் ஐந்து மணி என்று போட்டேன். இறங்க மூன்றரை. மதுரையிலிருந்து காரில் போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது; எனவே மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். தாணிப்பாறை மலையின் கிழக்குப் பக்கம். ஊரிலே ஆறு மணிக்கு மேல் இருட்டினால், அங்கே சூரியன் அதற்கு வெகு முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். எந்த இடத்தில் இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்புவது என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். என் சம்சாரம் சிரித்தாள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

ஆகார விஷயத்தை அவளே ஏற்றுக்கொண்டாள். வாழையிலையில் புளியோதரை, எலுமிச்சம்பழம், உப்பு, கடலை மிட்டாய். வாசலில் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. அதைத் தூக்கிப் பழக வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயிலிலிருந்து வேனில் ஏறாமல், சுமையோடு நூபுர கங்கை வரை நடப்பது என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு ஏறினது ஒன்றும் தெரியவில்லை. இறங்கினதுதான் திங்கட்கிழமை மாடிப்படியில் தெரிந்தது.

மாமனாரிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. டாக்டர் சொல்லிவிட்டார்: சமதரையில் நடக்கலாம், செங்குத்து ஏற்றம் கூடாது. மைத்துனன் அக்காளைப் பார்த்தான். அக்காள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை சொன்னால் மறுக்கமாட்டார் என்பது குடும்பத்தின் ஏகமனதான அபிப்பிராயம்.

சாப்டூர் வழி இல்லை என்பதை முதலில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்தார். அப்புறம் மேஜைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். தாணிப்பாறை, ஓடை, வழுக்குப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று ஒவ்வொன்றாக எழுதினார். கருப்பருக்குப் பக்கத்தில், “இங்கே எங்கப்பா கால் பிசகி உட்கார்ந்துட்டார். அரைமணி” என்றார். கோயிலை வட்டமிட்டுவிட்டு, மறுபக்கம் சாப்டூருக்கும் ஒரு கோடு இழுத்து முடித்தார்.

“ஓடை வரைக்கும் நானும் வர்றேன். தரைதானே. அங்கே உட்கார்ந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. பதினொன்றரைன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பத்தரைன்னு மாத்துங்க, மாப்பிள்ளே. நான் அங்கே தனியா உட்கார்ந்திருப்பேனில்லையா.”

மாற்றிவிட்டேன்.