காபி குடிக்கக் கூப்பிட்ட போலீஸ்காரர்

ஆர்ஹூஸ், டென்மார்க்

அன்புள்ள தோழிக்கு,

நேற்று மத்தியானம் இங்கே துறைமுகத்தை ஒட்டி இருக்கும் டொக்1 நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கோயில் மணி மாதிரி ஒரு ஓசை. அண்ணாந்து பார்த்தால், ஏழரை மீட்டர் நீளத்துக்குக் குழாய் போல ஒரு வெண்கல மணி மேலிருந்து தொங்குகிறது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையாலும் குழந்தையைத் தாலாட்டுவது போலக் காட்டினார். ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தலாம். அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். பிறந்தது எந்த மதத்துப் பிள்ளை, எந்த நாட்டிலிருந்து அகதியாக வந்தவர்களின் பிள்ளை என்பதெல்லாம் மணிக்குத் தெரியாது.

நான் இந்த ஊரைத் தேடி வந்தது, இங்கிருந்து போய்விட்ட சில பிள்ளைகளின் கதைக்காக. 2013-ம் ஆண்டுவாக்கில் இந்த ஊரிலிருந்து 30 பேர் வரை சிரியாவுக்குச் சண்டை போடப் போனார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. பலர் இந்த ஊர்ப் பள்ளிகளில் டேனிஷ் மொழியில் படித்தவர்கள். மூன்று லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊருக்கு அது பெரிய அதிர்ச்சி. அடுத்த ஆண்டு போனது ஒரே ஒருவர் என்பது போலீஸ் சொன்ன கணக்கு. இடையில் இந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். போன மாதம் போனில் நீ அழுதுகொண்டே சொன்ன பையன் வழி முழுக்க என்னோடு வந்துகொண்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு, கையில் சாதிக் கயிறு, நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனோடு இன்று பேச்சில்லை.

இங்கே நடப்பது கேட்பதற்கு எளிமையாக இருக்கும். டென்மார்க்கில் 1970-களிலேயே பள்ளிக்கூடம், சமூக நலத்துறை, போலீஸ் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசும் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. எஸ்.எஸ்.பி. என்பார்கள். கஞ்சா, சின்னத் திருட்டு, பள்ளிக்கு மட்டம் போடுவது, இதற்காக ஏற்பட்டது. 2005 லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, உள்ளூரில் வளர்ந்த பையன்களே இப்படிச் செய்கிறார்களே என்ற பயம் வந்தபோது, ஆர்ஹூஸ் புதிதாக ஒரு படையைக் கட்டவில்லை. இருந்த மேசையிலேயே இன்னொரு நாற்காலி போட்டது. போலீஸும் நகராட்சியும் சேர்ந்து 'இன்ஃபோஹூஸ்' என்று ஒன்றை நடத்துகின்றன. டீச்சரோ, அம்மாவோ, கால்பந்துப் பயிற்சியாளரோ அங்கே போன் போட்டு, "இந்தப் பையன் போக்கு சரியில்லை, பயமாக இருக்கிறது" என்று சொல்லலாம். வருகிற போன்களில் பெரும்பாலானவை வீண் பயம்தான். தாடி வளர்த்ததும் தொழ ஆரம்பித்ததும் குற்றமில்லை என்று அவர்களே எடுத்துச் சொல்லிவிடுவார்கள். மீதி இருக்கும் சிலருக்குத்தான் அடுத்த படி. வெள்ளை நிறவெறிக் குழுக்களின் பக்கம் சாய்கிற பையன்களுக்கும் இதே மேசைதான், இதே நாற்காலிதான். இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த அடுத்த படி எப்படி இருக்கும் என்பதற்கு இங்கே பலருக்கும் தெரிந்த ஒரு இளைஞனின் கதை இருக்கிறது. பேர் வேண்டாம். வகுப்பில் இஸ்லாம் பற்றி ஒரு விவாதம். கூடப் படிக்கும் பெண்ணோடு வாய்த்தகராறு முற்றி, கோபத்தில் ஏதோ கத்திவிட்டான். பள்ளிக்கூடம் போலீஸுக்குச் சொல்லிவிட்டது. போலீஸ் வீட்டுக்கு வந்து சோதனை போட்டது. ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. தவறவிட்ட பரீட்சையை எழுதப் பள்ளி சம்மதிக்கவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவும் இறந்துபோனாள். "என்னைத் தீவிரவாதி என்றீர்கள் அல்லவா, இதோ ஆகிக் காட்டுகிறேன்" என்ற இடத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது, அரவணைத்துக்கொள்ளச் சில நண்பர்கள் தயாராக இருந்தார்கள். அவர்கள் பேசியது வெளிநாட்டுக்குக் கிளம்புவதைப் பற்றி.

அப்போதுதான் தோர்லைஃப் லிங்க் என்ற போலீஸ் அதிகாரி அவனுக்குப் போன் செய்தார். ஒரு காபி குடிக்க வா என்றார். "என் வாழ்க்கையைக் கெடுத்தது போதாதா" என்கிற கோபம் அவனுக்கு. லிங்க் போனை வைக்கவில்லை. நடந்தது எனக்குத் தெரியும், அதற்காக வருந்துகிறேன் என்றார்.

தோழி, நீயும் நானும் இருபது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறோம். நம் ஊரில் ஒரு போலீஸ்காரர், வேண்டாம், ஒரு தலைமையாசிரியர், ஒரு பையனிடம் "தப்பு எங்கள் மேல்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அவன் போனான். அங்கே ஒரு வழித்துணையை அறிமுகப்படுத்தினார்கள். அவர் ஒரு வக்கீல், அவரும் முஸ்லிம், அந்நியன் என்ற பார்வையை அவரும் அனுபவித்தவர். இந்த வழித்துணைகளுக்கு நகராட்சி சம்பளம் தருகிறது, பயிற்சியும் உண்டு. பயிற்சிக்கு அடித்தளம் போட்டவர் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் பிரெபன் பெர்டெல்சன். வேலை, மரியாதை, தனக்கென்று ஒரு இடம் என்று எல்லோரும் தேடுவதைத்தான் இந்தப் பையன்களும் தேடுகிறார்கள். தேடுகிற வழி கோணலாகிவிட்டது என்பது அவர் பார்வை. ஆகவே வழித்துணை மதத்தைப் பற்றி வாதாடி ஜெயிக்கப் பார்ப்பதில்லை. வாரா வாரம் சந்திக்கிறார். படிப்பு, வேலை, காதல், அப்பாவோடு சண்டை எல்லாம் பேசுகிறார்கள். அந்த இளைஞன் படிப்பை முடித்தான், கல்யாணம் செய்துகொண்டான், இதே ஊரில் இருக்கிறான்.

சிரியாவிலிருந்து திரும்பி வந்தவர்களையும் இப்படித்தான் வரவேற்றார்கள். கொலையோ வேறு குற்றமோ செய்ததற்குச் சாட்சி இருந்தால் வழக்கு. இல்லையென்றால் டாக்டர், படிப்பு, வேலை தேடித் தருவது. இதற்கு வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. "கொலைகாரனைக் கொஞ்சுகிறார்கள்" என்று தேசியவாதக் கட்சிக்காரர்கள் சாடினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் வந்துபோன கிரிம்ஹோய் மசூதியை மூடச் சொன்னார்கள். போலீஸும் நகராட்சியும் மூடாமல் உள்ளே போய்ப் பேசினார்கள். 2016-ல் ஒரு தொலைக்காட்சி அதே மசூதியில் மறைகேமரா வைத்துப் படம் பிடித்தபோது, கல்லால் அடித்துக் கொல்லும் தண்டனையை அங்கே போதிப்பது வெளிவந்தது. அந்த வெட்கத்தையும் ஊர் சுமக்கத்தான் வேண்டியிருந்தது. போனவர்கள் தொகை குறைந்ததற்கு இந்த ஏற்பாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பையனையாவது கைப்பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் தங்கியிருப்பது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். ராத்திரி இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னேன். "உமக்குத் தெரியுமே, எங்கட ஆக்களாலதான் இஞ்ச ஒரு அரசாங்கமே விழுந்தது" என்றார். உண்மைதான். 1987-ல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்தி வைத்தார். விசாரணை வந்தது. 1993 ஜனவரியில் பிரதமர் ஸ்லூட்டர் ராஜினாமா செய்தார். 1995-ல் அந்த அமைச்சரைக் குற்றவாளி என்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான், ஆனாலும் குற்றவாளி. அக்கா அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிமிர்வு. தனக்கு நடந்தது தப்பு என்று அரசே ஒப்புக்கொண்டால் மனிதருக்கு அந்த மண்ணில் கால் ஊன்றிவிடுகிறது. லிங்க் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் பலம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இன்று காலை கெல்லெரூப் போனேன். 1970-ஐ ஒட்டிக் கட்டிய நீள நீளமான அடுக்குமாடிக் குடியிருப்புகள்; அகதிகளும் குடியேறியவர்களும் நிறைய வாழும் இடம். பக்கத்தில் பஸார் வெஸ்ட் என்ற சந்தை. ஆலிவ், பேரீச்சை, கொத்துமல்லிக் கட்டு, ஜரிகைத் துணி என்று நம்மூர்ச் சந்தை மாதிரியே சத்தம். மனது கனத்ததும் அங்கேதான். 2018-ல் வந்த சட்டம், 'மேற்கத்தியரல்லாதவர்' பாதிக்கு மேல் வாழ்வதையும் ஓர் அளவுகோலாக வைத்து இப்படிப்பட்ட குடியிருப்புகளை 'கெட்டோ' என்று பட்டியல் போட்டது. அந்தச் சொல்லைப் பிறகு நீக்கிவிட்டார்கள். வீடுகளை இடிப்பதும் குடும்பங்களை வேறிடம் மாற்றுவதும் நிற்கவில்லை. இங்கேயும் கட்டடங்களை இடித்திருக்கிறார்கள். ஒரு கை காபி ஊற்றிக் கொடுக்கும்போது இன்னொரு கை வீட்டை இடித்தால், பையன் எந்தக் கையை நம்புவான்? இந்தச் சட்டம் தப்பு. இந்த ஊர் பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கையை அது கரைக்கிறது.

இனி உன் மாணவன் விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அறிக்கை கொடுத்தார். கயிறு கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. சரியான பரிந்துரை. ஆனால் உங்கள் பள்ளியில் கயிற்றை அறுத்ததோடு, அவனைப் பத்து நாள் வெளியே நிறுத்தி, அரையாண்டுப் பரீட்சையையும் எழுதவிடாமல் செய்துவிட்டார்கள் என்றாயே, அது என்னை உறுத்துகிறது. அவனை வெளியே நிறுத்திய அந்தப் பத்து நாளும் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டவர்கள் யார் என்று உனக்கே தெரியும்.

விட்டுப்போன பரீட்சையை அவனுக்கு மறுபடி நடத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேள். மறுத்தால் திரும்பக் கேள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போ. பரீட்சை எழுதவிடாதது தப்பு என்று அவன் அம்மா எதிரில் அவனிடம் சொல். அவர்கள் டீ போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் தோழி