பெட்டியில் ஏறிய ஏரி

தெருமுனையில் இருக்கும் மின்வாரிய பில்லர் பாக்ஸில் படம் வரையலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்ததும் எழுந்த முதல் கேள்வி, "எந்த சாமி?" என்பதுதான். கேட்டவர் கேலிக்குக் கேட்கவில்லை. சென்னையில் எத்தனையோ சுவர்களை சிறுநீரிலிருந்து காப்பது பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் பதித்த டைல்ஸ்தான். அந்த வேலையைப் பெட்டிக்கும் கொடுக்கலாமே என்பது அவர் கணக்கு. இன்னொருவர் திருவள்ளுவர் என்றார். மூன்றாமவர் ஒரு நடிகர் பெயரைச் சொன்னதும் கூட்டம் கலைந்தது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சிக்னல் பெட்டிகளில் ஊர்மக்களே படம் வரையும் திட்டத்தை மாநகராட்சி 1999இல் தொடங்கியது. அங்கே தொல்லை, ஸ்ப்ரே டப்பாவோடு வந்து கிறுக்குபவர்கள். படம் இருந்தால் கிறுக்கக் கை கூசும் என்று நம்பினார்கள். நமக்குத் தொல்லை மைதாப் பசை வாளி. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, டியூஷன், மூலம் பௌத்திரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பெட்டியின் எண்கூடத் தெரியாமல் போய்விடும்.

2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை அகற்றிவிட்டு, கோயில்களும் கிராமியக் கலைகளுமாக வரையச் செய்தது. வரைந்தவர்களில் பலர் ஃப்ளெக்ஸ் அச்சு வந்ததால் பிழைப்பு போன பேனர் ஓவியர்கள். அந்தச் சுவர்களில் எனக்கு ஒரு குறை உண்டு. கைத்திறனில் பழுதில்லை, ஆனால் எந்த ஊர்ச் சுவரிலும் அதே படங்களைப் போட்டிருக்கலாம்.

எங்களுக்கு வாய்த்தவரும் பழைய பேனர்காரர். நாற்பதடி கட்அவுட்டுக்கு மூக்கு வரைந்த கை. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவிடாமல் எனாமல் டப்பாவைத் திறக்கவே மாட்டேன் என்றார். மின்வாரிய உதவிப் பொறியாளரும் தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டார். எண்ணும் அபாயக் குறியும் மறையக் கூடாது. காற்றுத் துளைகள் அடைபடக் கூடாது. கதவிடுக்கில் பெயிண்ட் இறுகி, ஃபியூஸ் போட வருகிறவர் அதை நெம்பித் திறக்கும்படி ஆகக் கூடாது.

என்ன வரைவது என்பதை முடிவு செய்ததும் பேனர்காரர்தான். "பக்கத்துல லேக் வியூ ரோடுன்னு போட்டிருக்கே, லேக் எங்க சார்?" என்றார். மேற்கு மாம்பலத்தில் இத்தனை காலம் குடியிருக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920களில் மாம்பலம் பக்கத்தில் அதன் தண்ணீரை வடித்து மனை போட்டதுதான் தியாகராய நகர். இன்று ரங்கநாதன் தெருவில் புடவைப் பையோடு நசுங்குபவர்களுக்கு ஏரி நினைவு எப்படி வரும்?

அந்த ஏரியையே வரையலாம் என்றார். நான்கு பக்கமும் விட்டுப்போகாமல் சுற்றி ஓடும் ஒரே கரை, பனைமரங்கள், நாரைகள். காற்றுத் துளைகளின் வரிசையை அப்படியே அலையாக்கிவிட்டார். மண்டையோட்டுத் தகடு மட்டும் இடித்தது. அதற்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கம்பம் நட்டார்; 'ஆழமான பகுதி' என்று எச்சரிக்கும் பலகையாகிவிட்டது. பேனர்காரருக்கே வரும் சாமர்த்தியம் அது.

தண்ணீர் எந்த உயரம் வரை என்று கேட்டபோது, இஸ்திரி வண்டிக்காரர் வந்து பெட்டியில் கையை வைத்துக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற அளவு. முதலில் முழங்கால் உயரத்துக்குத்தான் நீலம் இருந்தது. பிறகு ஓவியர் இடுப்பளவுக்கு ஏற்றினார். அழகுக்காக வரைந்தது அந்த இடத்தில் சாட்சியாகிவிட்டது. பலருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டு விலை இறங்கும் என்று ஒருவர் பகிரங்கமாகவே சொன்னார். நீலத்தைக் குறைக்கச் சொல்லி நடந்த வாக்கெடுப்பில் அவர் தோற்றார். எனக்கு அதில் கொஞ்சம் அற்ப சந்தோஷம்தான்.

கடைசியில் கையெழுத்துப் பிரச்சினை. பேனர் ஓவியர்கள் மூலையில் பெயர் போடாமல் விட்டதில்லை. இவர் பெயரோடு செல்போன் எண்ணையும் எழுதினார். அது விளம்பரம், போஸ்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சங்கத்தில் மறுபடி சண்டை. அது ஓய்வதற்குள் அந்த எண்ணைப் பார்த்து ஒரு நர்சரி பள்ளி அவரைக் கூப்பிட்டது: சுற்றுச்சுவர் முழுக்க வேலை, அட்வான்ஸும் கைக்கு வந்துவிட்டது. அங்கே ஒட்டகச்சிவிங்கி கேட்கிறார்களாம்.