ஒரே மணியில் நின்ற தொலைபேசி

கம்பி வழியாக வருகிற வீட்டுத் தொலைபேசியைக் குறித்து இந்நாளில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிற காலம் இது. ஆனாலும் பிழைப்பைத் தேடிப் பட்டணங்களுக்கு வந்த நம்முடைய ஜனங்களில் அநேகருக்கு, ஊரிலிருக்கும் வயதான தாய் தகப்பனுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே எண் அந்தப் பழைய வீட்டு எண்தான். அந்த மணி அடிக்காமற்போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குடும்பம் நன்றாய் அறியும்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்கு இது விசேஷமான காரியம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லை மாறியது, உறவுகள் மாறவில்லை. தலைமகன் சாலைக் கடைத்தெருவிலோ கரமனையிலோ பிழைப்பான், தாய் நாகர்கோவிலுக்கு அருகே இருப்பாள். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனால் 0471-க்கும் 04652-க்கும் இடையே மாநில எல்லையே கிடக்கிறது. ஒரு காலத்தில் டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து பேசிய தலைமுறை நாங்கள். எஸ்.டி.டி. வந்தபோது அது எங்களுக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.

2006-ஆம் ஆண்டு நேமத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஊரில் தனியாயிருந்த என் தாயார் ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அழைப்பார்கள். என்னிடம் கைபேசி இருந்தது. ஆனால் அந்தப் பத்து இலக்கங்களையும் அம்மா நம்பவில்லை. சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் கரியினால் எழுதி வைத்திருந்த எண்தான் அவர்களுக்கு எண். அக்டோபரில், மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. அதோடு ஒரு விநோதமும் தொடங்கியது. தொலைபேசி ஒரே ஒரு மணி அடிக்கும், நின்றுவிடும். எடுத்தால் பேச்சில்லை. நாங்கள் வெளியே அழைத்தால், சிறிய கரகரப்பைத் தவிர வேறு குறை இல்லை.

அம்மாவின் பக்கத்தில் இது வேறுவிதமாய்க் கேட்டது. மணி ஒலிக்கிறது, யாரோ எடுக்கிறார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிடுகிறார்கள். பகலிலும் அழைத்துப் பார்த்தார்களாம், அப்படியே நடந்தது. பகலில் வீட்டில் இருப்பவள் என் மனைவி. ஒன்பது நாட்களுக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலமாய்த்தான் செய்தி எங்களை எட்டியது. "மருமகள் போனை எடுத்துப் பேசாமல் வைக்கிறாள். இனி நான் கூப்பிடமாட்டேன்" என்று அம்மா சொல்லியிருந்தார்கள். என் மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை.

இங்கே தொலைபேசி எப்படி வேலை செய்கிறது என்று சற்றுச் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு செப்புக் கம்பிகள் வருகின்றன. கருவியை எடுக்காதிருக்கும்போது அவற்றில் ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும், ஆனால் மின்சாரம் ஓடாது. கருவிக்குள் இருக்கும் மின்தேக்கி அதைத் தடுத்துவிடும. அழைப்பு வரும்போது 75 வோல்ட் அளவில் மாறுமின்னழுத்தம் அனுப்பப்படும். மணியை அடிப்பது அதுதான். ரிசீவரை எடுத்தவுடன் கம்பிகளுக்குள் சுற்று முழுமையாகி நேர்மின்சாரம் ஓடும். அது ஓடுவதைக் கண்டுதான், ஆள் எடுத்துவிட்டார் என்று அலுவலக இயந்திரம் மணியை நிறுத்திப் பேச்சை இணைக்கிறது. இயந்திரத்துக்குக் கண் இல்லை. மின்சாரம் ஓடினால் ஆள் எடுத்தார் என்றே எண்ணும்.

ஆகவே கம்பியில் எங்கேயாவது ஓர் இணைப்பு நனைந்து, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஈரம் படிந்தால், 48 வோல்ட்டில் சிறிதளவே கசியும் மின்சாரம் மணியின் அதிக அழுத்தம் வந்தவுடன் பலமாய்க் கசியும். எடுக்காத தொலைபேசி எடுக்கப்பட்டதாய்த் தோன்றும். எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்பதோ மௌனம் மட்டுமே. அழைத்தவருடைய கணக்கில் காசும் ஏறிவிடும்!

இதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது? மின்தேக்கியைக் குறித்து அவர்களிடம் பேசிப் பயனில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு தம்பானூரில் பேருந்து ஏறினேன். முந்தின இரவு முழுவதும் நேமத்தில் மழை. அம்மா மருமகளை வாசலில் பார்த்தும் முகம் கொடுக்கவில்லை. நான் சாவியை அவர்கள் கையில் கொடுத்து, "அம்மா, எங்கள் வீட்டுக்கு ஒருதரம் போன் போடுங்கள்" என்றேன். சுவரைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாய் அழுத்தினார்கள். ஒரு மணி கேட்டது; பிறகு யாரோ எடுத்ததுபோல ஒரு சிறு சத்தம்; பிறகு மௌனம்.

அம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்கள். "வீட்டிலே யாரு மக்களே இருக்கா?" என்று கேட்டார்கள். அப்புறம் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்கள். அடுத்ததாக, பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார்கள். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் எடுத்து வைத்து, முதலில் அவளுக்குத்தான் பரிமாறினார்கள்.

திங்கட்கிழமை புகார் கொடுத்தோம். அந்நாட்களில் 198 என்ற எண்ணைச் சுழற்றினால் போதும். வந்த லைன்மேன் வயதில் மூத்தவர், நிதானமானவர். சேட்டன் முதலாவது செய்தது, வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள ரோசட் பெட்டியைத் திறந்து, எங்கள் உட்கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றியதே. தம்முடைய கருவியை நேரே அங்கே மாட்டி, அலுவலகத்தில் சொல்லி மணியடிக்கச் செய்தார். மணி நிற்காமல் அடித்தது. ஆகவே குற்றம் வெளியே இல்லை. பிறகு உட்கம்பிகளை ஒவ்வொன்றாய் மாட்டினார். மாடியறைக்குப் போகும் கம்பியை மாட்டியவுடன் ஒரே மணியில் நின்றது.

அந்தக் கம்பி எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் இழுத்தது. ஓட்டுச் சார்ப்பின் கீழே, மழைநீர் சொட்டும் இடத்தில், இரண்டு துண்டுகளை முறுக்கிச் சாதாரண நாடா சுற்றியிருந்தார்கள். நாடாவைப் பிரித்தபோது உள்ளே எறும்புக் கூட்டம், ஈரமண், செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. இணைப்பே இல்லாத புதுக் கம்பியைச் சுவரின் உட்புறமாய் இழுத்தோம். கரகரப்பும் அதோடு போயிற்று. அன்று இரவு எட்டு மணிக்கு மணி அடித்தபோது, நான் எழுந்திருக்கவில்லை. என் மனைவிதான் எடுத்தாள். அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இன்றும் செப்புக் கம்பியில் தொலைபேசி வைத்திருப்பவர்கள் அந்தச் சேட்டனின் முறையை அப்படியே பின்பற்றலாம். கருவியை முதல் பெட்டியில் நேரே மாட்டிப் பாருங்கள். முடிந்தால் நன்றாய் வேலை செய்யும் வேறொரு கருவியையும் மாட்டிப் பாருங்கள். அங்கே நன்றாயிருந்தால் பிழை வீட்டுக்குள். அங்கேயும் ஊமையாயிருந்தால் புகார் கொடுப்பதைத் தவிர வழியில்லை. ரிசீவரையும் கருவியையும் சேர்க்கும் சுருள் கம்பியை மறவாதிருங்கள். பிள்ளைகள் இழுத்து இழுத்து அதுதான் முதலில் அறும். அழைப்பவருக்கெல்லாம் 'எங்கேஜ்' என்று கேட்டால், வேறோர் அறையிலுள்ள இணைக் கருவி சரியாய் வைக்கப்படவில்லையா என்று பாருங்கள். ஒரே கம்பியில் நாலைந்து கருவிகளை மாட்டினால் மணி பலமிழந்துபோகும். விடாமல் 'உம்' என்ற இரைச்சல் கேட்டால், ஒரு கம்பி எங்கோ மண்ணையோ ஈரச்சுவரையோ தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். அகலப்பட்டை இணைய இணைப்பும் அதே கம்பியில் வந்தால், கருவிக்கு முன்னே வடிப்பான் இல்லாதபோதும் இரைச்சல் வரும்.

இடி மின்னல் வேளையில் கம்பியைத் தொடவே வேண்டாம். கருவியைக் கழற்றுவதானால் மேகம் கருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். மணி அடிக்கும்போது வெறும் கம்பியைப் பிடித்தாலும் நல்ல அதிர்ச்சி கிடைக்கும்.

இப்போது அநேக வீடுகளில் செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்துவிட்டது. பழைய கருவியை அந்தச் சிறிய பெட்டியின் பின்புறத்தில் மாட்டினால் வேலை செய்கிறது. மணியடிக்கும் மின்சாரத்தை அந்தப் பெட்டியே உண்டாக்குகிறது. எறும்பும் ஈரமும் இழையில் ஓடும் ஒளியைக் கெடுப்பதில்லை. ஆனால் செப்புக் கம்பிக்கு அலுவலகத்திலிருந்தே மின்சாரம் வந்தது, வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசியது. கண்ணாடி இழைக்கு அது இல்லை. கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும், கருவியும் ஊமையாகும். ஊரிலே பெற்றோர் தனியாயிருக்கும் வீட்டில் இப்படி மாற்றினால், அந்தப் பெட்டிக்கென்று ஒரு சிறிய மின்கலமும் சேர்த்து வாங்கி வையுங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், எங்கேயோ இழை மடங்கியோ அறுந்தோ இருக்கிறது. அதை நாமே ஒட்டிச் சரிசெய்ய முடியாது, ஆளைத்தான் அழைக்க வேண்டும்.