கடனும் குழாயும்

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் ஏழையின் உள்ளம் அஞ்சுகிறது. அடகுக் கடையும் வட்டிக்காரனும் அவன் கண்முன் தோன்றுகின்றனர். ஆயினும் ஊருக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் அமைக்கப் பொதுக்கடன் பெறுவது அத்தகையதன்று. பல்லாண்டு பயன்தரும் குழாயின் செலவை ஓர் ஆண்டின் வரிப்பணத்திலிருந்து எடுத்தல் இயலாது. பயன்பெறும் தலைமுறைகள் சிறிது சிறிதாகச் செலுத்துவதே நியாயம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: செலுத்துபவர் யார், பயன்பெறுபவர் யார்?

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குப் பேருந்தில் செல்லும் நாம் கெட்டம்பேயைக் கடக்கிறோம். கண்டி வாவியிலிருந்து புறப்படும் ‘மெத எல’ என்னும் ஓடை, நகரின் அழுக்கைச் சுமந்து வந்து அங்கேதான் மகாவலியில் கலந்தது. அதே ஆற்றின் நீரையே கீழே கட்டுகஸ்தோட்டையில் எடுத்துச் சுத்திகரித்து மக்கள் பருகுகின்றனர். இக்கேட்டைக் களையவென்று 2010 இல் யப்பானிடமிருந்து ஏறத்தாழ 1,400 கோடி யென் கடன் பெறப்பட்டது. கன்னொருவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. அதன் பின் நேர்ந்ததை நாடறியும். அவ்வாண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. தண்ணீர்க் கட்டணமும் உயர்ந்தது. கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் தோட்டத் தொழிலாளியும் நாட்டின் கடனை அடைப்பவரே.

இதனை வகுப்பில் விளக்கியபோது, லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். “கடன நாங்களுந்தானே கட்டுறோம், சேர்? எங்க லயத்துக்கு மட்டும் ஏன் இன்னும் பீலித் தண்ணி?”

அவளுடைய கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ்த் தோட்ட மக்கள் வாக்களித்தனர், சபைகள் அமைந்தன. எனினும் சபையின் நிதியைத் தோட்டத்தினுள் செலவிட அச்சட்டமே தடையாக நின்றது. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2018 இல், திருத்தம் வந்தது. வழி திறந்தது; எம் மாணவியின் லயத்துக்குக் குழாய்தான் வரவில்லை.

பணமில்லை என்று கூறுவாரும் உளர். 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் பிறந்த உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம், உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கடன் வழங்குவதற்கென்றே இருக்கிறது. அங்கே பெறும் கடன் ரூபாய்க் கடன். யென்னின் ஏற்ற இறக்கம் அதனைத் தொடாது.

கடன் பெறுமுன் மக்களை நாடிச் சென்ற ஊரும் உண்டு. சென்னையை அடுத்த ஆலந்தூர் நகராட்சி, 1990களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மக்களிடம் விளக்கி வீட்டுக்கு 5,000 ரூபா வைப்புப் பணம் கேட்டது. மக்கள் கொடுத்தனர். தேவைப்பட்ட கடனை நகராட்சி தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடம் பெற்றது. நாட்கூலியில் வாழும் லயத்துக் குடும்பத்திடம் அத்தகைய தொகையைக் கேட்பது கொடுமை. அத்தொகையை விடுத்து, மக்களைக் கேட்டபின் கடன்படும் அம்முறையையே நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! சபை கூடும்போது நாமும் செல்வோம். கடன் எவ்வளவு, வட்டி எத்தனை வீதம், குழாய் எந்த வீதியில் நிற்கும், எந்த லயத்தை என்று அடையும் என்று கேட்போம். விடை தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். குன்றின் மேல் குடம் சுமக்கும் சிங்களக் குடியானவப் பெண்ணுக்கும் இக்கேள்வி உரியதே. கடனில் எமக்குப் பங்குண்டெனில் கணக்கிலும் பங்குண்டு, குழாயிலும் பங்குண்டு.