வேப்பிலையும் ஊரடங்கும்

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் உற்றாரையும் நண்பரையும் காணச் செல்லலாகாது என்று அரசு கட்டளையிட்டால் மக்கள் அதற்கு அமைவரா என்னும் வினா, 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் உலகின் பல தலைநகரங்களில் எழுந்தது. கட்டுப்பாட்டை மிக முந்தி விதித்தால் மக்கள் விரைவிற் சலித்துவிடுவர் என்று பிரித்தானியாவில் வாதிட்டோரும் உளர். இலங்கையில் அத்தகைய வாதத்துக்கு அவகாசம் இருக்கவில்லை. 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் நோய்க்கட்டுப்பாட்டின் கருவியாயிற்று. ஊரடங்கை மீறியோர் எனப் பல்லாயிரவர் கைது செய்யப்பட்டனர். மக்கள் அமைவரா என்ற வினாவுக்குச் சந்தியில் நின்ற படையினரே விடையாயினர்.

ஆயினும் வீதி வெறிச்சோடியமை கொண்டு மனம் இணங்கிற்று என முடிவு செய்தல் பொருந்தாது. அச்சத்தால் அடங்குதலும் நியாயம் உணர்ந்து ஒதுங்குதலும் வெளித்தோற்றத்தில் ஒன்றே போலத் தோன்றும். காவல் அகன்ற ஒழுங்கையிலேதான் அவற்றின் வேறுபாடு புலனாகும். இவ்விரண்டையும் நன்கறிந்த மண் முல்லைத்தீவு. ஆதலின், நாடு முழுவதற்கும் உரிய இவ்வினாவை அம்மண்ணில் வைத்து ஆராய்தல் பயனுடையதாகும்.

உறவினர் ஒருவர் வீட்டுக்குச் செல்லாதிருத்தல் வன்னி மக்களுக்குப் புதியதொரு வழக்கமன்று. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டின் படலையில் வேப்பிலை கட்டப்படும். அதனைக் கண்டவர் உள்ளே நுழையார். அறியாது வருவோரை, "படலையோடை நில் பிள்ளை, வீட்டிலை அம்மாள் வந்திருக்கிறா" என்று முதியவர் தடுத்துவிடுவர். அவ்வீட்டார் பிறர் வீட்டுக்கோ நன்மை தீமைகளுக்கோ செல்வதில்லை. மச்சம் மாமிசம் விலக்கப்படும், தாளிதம் நிறுத்தப்படும், நோயாளி வேப்பிலை பரப்பிய பாயிற் கிடத்தப்படுவார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தபின், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு வார்ப்பதோடு அந்த விலக்கு நீங்கும். இதற்கெனப் பொலிஸ் நிலையம் ஒன்று ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

இவ்வழக்கத்தின் வேர் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டில் உள்ளது. வைகாசித் திங்களிற் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காணவும் பொங்கலிற் கலந்துகொள்ளவும் திரளும் மக்கள், அம்மை நோயைத் தருபவளும் தணிப்பவளும் அவளே என நம்பினர். கொப்புளத்தை முத்து என்றனர். வைசூரி உலகினின்று ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. எனினும் கொப்பளிப்பான் காணும் வீடுகளில் வேப்பிலை இன்றும் கட்டப்படுகின்றது. நம்பிக்கையின் உண்மை பொய்மை ஒருபுறம் இருக்க, அவ்விலக்கு ஏன் மீறப்படுவதில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

அதற்கு நான்கு காரணங்கள் கூறலாம். முதலாவது, விலகி நிற்பதன் பொருள் சிறுவருக்கும் விளங்கியது. இரண்டாவது, அதற்கொரு முடிவு உண்டு; தலைக்கு வார்க்கும் நாளை எல்லாரும் அறிவர். மூன்றாவது, அது உறவைத் துண்டிக்கவில்லை. உள்ளே வராத அயலவர் இளநீரையும் வேப்பங்கொத்தையும் படலையடியில் வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே சுகம் விசாரித்துச் செல்வர். நான்காவது, அது செல்வர் வீட்டுக்கும் வறியவர் வீட்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. வராதிருத்தலே அங்கு உறவின் கடமையாகக் கொள்ளப்பட்டது. "வரவில்லையே" என்ற மனக்குறை எழ இடமிருக்கவில்லை.

இவற்றை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், ஊரடங்குக் காலத்தில் மக்கள் எங்கே இணங்கினர், எங்கே இடறினர் என்பது தெளிவாகும். திருமணங்களைப் பின்போட்டனர், சடங்குகளைச் சுருக்கினர். வற்றாப்பளைப் பொங்கலில் 2020ஆம் ஆண்டு வழமையான பெருங்கூட்டத்துக்கு இடமளிக்கப்படவில்லை. கிரியைகள் மட்டும் நிறைவேறின. தெய்வத்தைக் காணச் செல்லாதிருக்கவும் மக்களால் இயன்றது. அவர்களால் எளிதில் இயலாது போனது ஒன்றுண்டு. அது செத்தவீட்டுக்குச் செல்லாதிருத்தல்.

நல்லதுக்குச் சொல்லாமற் போகக்கூடாது, கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேண்டும் என்பது ஊர் வழக்கு. திருமண வீட்டுக்கு அழைப்பு வேண்டும். மரண வீட்டுக்குப் பறையொலியே போதும். பல்லாண்டு பேசாதிருந்த சகோதரர் பேசுவது அம்முற்றத்திலேதான். துடக்குள்ள வீட்டில் அடுப்பெரியாது. அயலவர் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று துயரத்துக்கும் ஒரு கால ஒழுங்கு வகுக்கப்பட்டிருந்தது. இறந்தவரின் உடலை மூடிய பெட்டியிற் கொண்டு சென்று, குறித்த சிலர் மட்டும் நிற்க, சில மணி நேரத்தில் எரித்துவிடுமாறு பணித்தபோது அந்த ஒழுங்கு முழுவதும் ஒரே நாளிற் சரிந்தது. முஸ்லிம் மக்களுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. உடலை அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரிலில் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. 2021 மார்ச்சு மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. மருத்துவ நியாயம் இல்லாத கட்டளையொன்று, மருத்துவ நியாயமுள்ள பிற கட்டளைகளின் மதிப்பையும் குறைத்துவிடும் என்பதற்கு இதனை விடச் சிறந்த சான்று இல்லை.

முல்லைத்தீவுக்கு வேறொரு நினைவும் உண்டு. ஓரிடத்தினின்று இன்னோரிடம் செல்லப் 'பாஸ்' வேண்டும் என்பதைப் போர்க்காலத்தில் அம்மக்கள் இருதரப்பாரிடமும் கற்றவர்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியிற் கழிந்த நாள்களை அவர்கள் மறந்திலர். 2009இற் போர் முடிவுற்றபோது, உயிர் தப்பியோருட் பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். வெளியிலிருந்து வந்த உறவினர் கம்பி வேலியின் மறுபுறம் நின்று பேசிச் சென்றனர். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 மார்ச்சு முதல் முல்லைத்தீவில் தொடர் போராட்டம் நடாத்தத் தொடங்கினர். உறவினரைக் காணாதிருத்தல் என்ற சொற்றொடர் அத்தாய்மாருக்குச் சுகாதார அறிவுறுத்தலாக மட்டும் ஒலித்திருக்க முடியாது.

இத்தகைய மண்ணில் நோய்த்தடுப்பும் சீருடை அணிந்தே வந்தது. தேசிய கொவிட் தடுப்புச் செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை தாங்கினார். நிலமீட்புப் போராட்டத்தால் 2017இற் பலரும் அறிந்த கேப்பாபிலவில், விமானப்படைத் தளத்திலே தனிமைப்படுத்தல் நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு கொண்டு வரப்பட்டோர் நன்கு பராமரிக்கப்பட்டிருக்கலாம். எனினும், வாகனத்தில் ஏற்றிச் செல்லுதல், முகாம், கணக்கெடுப்பு என்பன ஒருமுறை துன்புற்றவருக்கு முன்னைய துன்பத்தையே நினைவூட்டும். காய்ச்சலைச் சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஞ்சுபவர் காய்ச்சலைச் சொல்லமாட்டார். அச்சத்தாற் பெறும் அடக்கத்தின் பெருங்குறை இதுவே. அது வீதியை வெறுமையாக்கும். ஆனால் நோயை வீட்டுக்குள் ஒளித்து வைக்கும்.

2021 மே மாதம் இதற்கோர் எடுத்துக்காட்டு. புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே தொற்றுப் பரவியிருந்தமை மெய். ஆனால் முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை ஆகிய மூன்று பொலிஸ் பிரிவுகளும் முடக்கப்பட்டது 17ஆந் திகதி இரவு. மறுநாள் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். தொற்று உண்மையாயினும், அந்த நாளிற் பூட்டப்பட்ட கதவை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வர் என்பதை ஊகித்தல் அரிதன்று. நம்பிக்கை இல்லாதவிடத்து நல்ல கட்டளையும் ஐயத்துக்குள்ளாகும்.

கட்டளையிடுவோர் தாமும் அதற்குக் கட்டுப்படுகின்றனரா என்பதும் சிறிய காரியமன்று. 2021 ஏப்ரில் 17ஆந் திகதி, கணவரின் இறுதிச் சடங்கில் பிரித்தானிய அரசி முப்பது பேருக்குட்பட்ட கூட்டத்தில் தனித்து அமர்ந்திருந்தார். அதற்கு முன்னிரவில் பிரதமரின் அலுவலகத்தில் விருந்து நடந்தமை பின்னர் வெளியாயிற்று. தாய் தந்தையரைக் கடைசியாகக் காணாது விதியைக் காத்த எளிய குடிமக்களை அச்செய்தி புண்படுத்தியது. இலங்கையிலும், சாதாரணர் வீட்டு மரணத்துக்குத் தலை எண்ணப்பட்ட 2020 மே மாதத்தில், மலையகத்தில் அமைச்சர் ஒருவரின் இறுதிப் பயணத்துக்குப் பெருங்கூட்டம் திரண்டது. தலைவர்மேல் மக்கள் கொண்ட அன்பு குற்றமன்று. பெரியவருக்கு ஒரு நீதி, சிறியவருக்கு வேறொரு நீதி என்னும் எண்ணம் பரவியதே இழப்பு.

வயிற்றின் கேள்வியையும் மறத்தலாகாது. கரைவலை இழுத்து அன்றாடம் கூலி பெறுபவர், நெல் வெட்டும் கூலியாளர், மேசன் வேலைக்குச் செல்வோர் ஆகியோர் வீட்டிலிருக்குமாறு பணிக்கப்படின், அவர்கள் வீட்டில் அரிசி இருத்தல் வேண்டும். 2020 ஏப்ரில், மே மாதங்களில் வழங்கப்பட்ட 5,000 ரூபா உதவி பல குடும்பங்களுக்கு ஆறுதலளித்தது. எனினும் ஒரு மாதச் செலவுக்கு அது போதியதாகவில்லை. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டுக்கு அயலார் உணவு கொடுத்த வழக்கம் இங்கு நினைவு கூரத்தக்கது. ஊர் விலக்கியது, விலக்கப்பட்டவரைப் போற்றியதும் ஊரே.

இவ்வளவுங் கூறியபின், பழைய வழக்கமே போதும் என்று முடிவு செய்வது பிழையாகும். வேப்பிலை கட்டப்படுவது கொப்புளம் கண்ட பின்னரே. கொவிட் நோயோ அறிகுறி தோன்றுமுன்னரே பிறருக்குத் தொற்றுவது. சிலரிடம் அறிகுறியே காட்டாதது. கண்ணுக்குத் தெரியும் நோய்க்கு ஏற்பட்ட வழக்கம் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு முன் தடுமாறும். நலமாகத் தோன்றும் பேரன் அம்மம்மாவைக் காணவருவதே ஆபத்து என்பதை எந்த மரபும் முன்னர் கற்பித்ததில்லை. அதனை மருத்துவ அறிவே கற்பித்தல் வேண்டும். சில வேளைகளிற் சட்டமும் வற்புறுத்தல் வேண்டும். நாட்டில் 16,000க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்ட நோய்க்கு முன் சட்டமே வேண்டாம் என்பது பொறுப்பற்ற பேச்சாகும். சட்டம் எவ்வாறு பேசவேண்டும் என்பதே வினா.

வன்னி மக்கள் பிரிவுக்கு வழி தெரியாதவரும் அல்லர். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் பிள்ளைகளின் முகத்தைத் தொலைபேசித் திரையிற் கண்டு, அவர்கள் குரலிலே நாளைக் கழிக்கும் பெற்றோர் அங்கு பலர். தந்தையின் ஈமக்கிரியையைத் தொலைவிலிருந்து திரையில் பார்த்து அழுத பிள்ளைகளும் பலர். கொள்ளைநோய் செய்ததெல்லாம் அடுத்த ஒழுங்கையையும் ரொறன்ரோ போலத் தூரமாக்கியதுதான். இவ்வளவு பயிற்சியுடைய மக்களிடம் கட்டுப்பாடில்லை என்று யாரும் கூறுதல் இயலாது. அவர்கள் தாங்கிய பிரிவுகள் பலவற்றை அவர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே வேறுபாடு.

ஆகவே, மக்கள் அமைவரா என்று மக்களை நோக்கிக் கேட்கப்படும் வினாவின் ஒரு பாதி, கட்டளையிடுவோரையே சாரும். காரணத்தை விளங்கச் சொன்னார்களா? முடியும் நாளைக் குறித்தார்களா? செல்லமுடியாதவருக்கு உறவைக் காக்கும் மாற்றுவழி ஒன்றேனும் காட்டினார்களா? எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்களா? கிராம அலுவலரும், குடும்பநல மாதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், கோயில் ஐயரும், பாதிரியாரும், மௌலவியும் வந்து சொல்லும் சொல்லுக்கும், துவக்கேந்தியவர் ஒலிபெருக்கியிற் சொல்லும் சொல்லுக்கும் ஊரார் மனத்தில் வேறு வேறு எடை உண்டு என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

இன்னொரு கொள்ளைநோய் வாராது என்று கூற எவராலும் இயலாது. அது வரும் நாளில் முல்லைத்தீவு மக்கள் மீண்டும் வீட்டுக்குள் இருக்குமாறு கேட்கப்படுவர். அவர்கள் இருப்பர், தன் கையாலே சாத்திய படலைக்குப் பின்னால் பல நாள் பொறுத்திருக்க அவர்களுக்குத் தெரியும். பிறர் வந்து இழுத்துக் கட்டிய முட்கம்பிக்குப் பின்னாலோ, வெளியேறும் வழியையே அவர்கள் தேடுவர்.