மாங்கேணி மணலில் மாமாவின் மொன்டேரோ

எனக்குக் கார் என்றால் அது நிலத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கதவைத் திறந்து உள்ளுக்குள் இறங்க வேண்டும், ஏறக்கூடாது. பள்ளிக்கூடக் காலத்தில் கொப்பியின் கடைசிப் பக்கம் முழுக்க மாஸ்டா எம்.எக்ஸ் 5 கீறிக்கொண்டிருந்தவன் நான். 1989இல் வந்த முதல் மொடல். ஆயிரம் கிலோவுக்கும் குறைவான பாரம், இரண்டே இரண்டு சீற், பின் சக்கரங்களுக்குப் போகிற சக்தி. பெரிய வேகமெல்லாம் இல்லை. ஆனால் வளைவில் திருப்பும்போது றோட்டில் கிடக்கிற சின்னக் கல்லுக்கூட ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்து சேரும் என்று ஓட்டினவர்கள் சொல்வார்கள். நான் ஓட்டினதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்த நாட்டில், என் வயதுக்காரருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்பது யூடியூப்பில் பார்க்கிற சாமான்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய சிவிக். ஸ்பிரிங்கை மாற்றிக் கொஞ்சம் பதித்து வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுபோய் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி பார்த்த கதையை, கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். 1934இல் தொடங்கின போட்டி அது. குட்டிக் குட்டிக் கார்கள் தேயிலைக்குள்ளால் சீறிக்கொண்டு மேலே போகும். அதைப் பார்த்தவனுக்கு உயரமான ஜீப்புகளில் மரியாதை வராது.

இந்த நேரத்தில்தான் பெத்தா கேட்டா:

“மாங்கேணியில எங்கட வளவ ஒருக்காப் பாக்கோணும் மனே. கண் தெரியக்குள்ளயே பாத்திரோணும்.”

பெத்தா கடைசியாக அங்கே இருந்தது 2006இல். வாகரைச் சண்டை தொடங்க, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். மறுகா மட்டக்களப்பு டவுனில் மாமா வீடு, அப்படியே வருசங்கள் போய்விட்டன. என் சிவிக்கில் பெத்தாவை ஏற்றிப் பார்த்தோம். இருந்துவிட்டா. ஆனால் முழங்கால் மடங்காத ஆளை அந்தக் குழிக்குள் இருந்து எழுப்ப மூன்று பேர் தேவைப்பட்டது. “இது கார் இல்ல மனே, தொட்டில்” என்றா. கடற்கரைப் பக்கம் போகிற பாதை முழுக்க மணல் என்றும் சொன்னா. ஆகவே மாமாவின் மொன்டேரோ.

மொன்டேரோவில் ஏறுவதும் லேசில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்து, அதில் ஒரு கால், வாசற்படியில் ஒரு கால். ஏறி இருந்த பிறகு பெத்தாவின் முகத்தைப் பார்க்க வேணுமே! மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தை எண்ணத் தொடங்கிவிட்டா.

இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட டீசல் வாகனம். 2022இல் கியூ.ஆர். அடித்துக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில் இது முற்றத்தில் சும்மா நின்று வெயில் காய்ந்தது. மாமா அதைத் துடைப்பார், நான் சிரிப்பேன். பிள்ளையாரடி தாண்டியதும் என் பழைய குறைகள் எல்லாம் சரிதான் என்று பட்டது. ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை. திருப்பினால், திருப்பினதை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி என்று ஒவ்வொரு சந்தியிலும் முச்சக்கரவண்டிகள் தானாக ஒதுங்கின. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது என்றும் சொல்லத்தான் வேணும்.

ஓட்டமாவடி கடந்து, கொழும்பு றோட்டை விட்டுத் திருகோணமலைப் பக்கம் விழுந்தால் பாதை நல்ல காப்பெற், சனமும் குறைவு. காயங்கேணிக்கு முன்னம் நீட்டு றோட்டில் காலை அமத்தினேன். உயரத்தில் இருந்தால் வேகம் தெரியாது. இதுதான் இந்த வாகனங்களில் இருக்கிற பெரிய பொய். சிவிக்கில் 70 போனாலே கதவுகள் கத்தும். இதில் 100 என்பது வரவேற்பறையில் இருக்கிறமாதிரி. திடீரென்று மூன்று மாடுகள், நடு றோட்டில், ஒரு அவசரமும் இல்லாமல். பிறேக் பிடித்தேன். மூக்கு நிலத்தில் குத்த, பின் பக்கம் தூக்க, பெத்தாவின் வெத்தலைப்பை முன்னுக்கு வந்து விழுந்தது. மாட்டுக்கு ஒரு முழம் இருக்க நின்றது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 70இல் இருந்து 100க்குப் போனால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்காகிறது. வாகனத்தின் பாரம் இரண்டு மடங்கென்றால் அது இன்னுமொரு இரட்டிப்பு. லோட்டஸ் கார் செய்த கொலின் சப்மன் வாழ்நாள் முழுக்கப் பாரத்தைக் குறைக்கச் சொன்னதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எனக்கு விளக்க மூன்று மாடு தேவைப்பட்டது. இங்கே சட்டப்படி 70தான். அதற்குப் பிறகு 60ஐத் தாண்டவில்லை.

பெத்தா ஏசவில்லை. வெத்தலைப்பையை எடுத்துத் தட்டிவிட்டு, “இந்தப் பக்கமெல்லாம் கேணிதான் மனே” என்று கதையைத் தொடங்கினா. காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் உப்பாறு, நடுவில் நல்ல தண்ணி கிடைக்கிற இடத்துக்குப் பேர் வைக்காமல் வேறெதற்கு வைப்பார்கள் என்று கேட்டா. பேருக்கு உண்மையான காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

மாங்கேணியில் ஒரு பெட்டிக்கடையடியில் வழி கேட்க நிறுத்தினேன். கறுத்தக் கண்ணாடியை இறக்க முதலே கடைக்குள் கதை நின்றுவிட்டது. வாங்கில் இருந்த ஒரு ஐயா எழும்பி வந்தார்.

“எந்த ஒபிஸ் தம்பி? அளக்கவா வந்த நீங்க?”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. வாகரைப் பக்கம் இல்மனைட் அகழ்வுக்கும் இறால் பண்ணைத் திட்டத்துக்கும் எதிராகச் சனம் றோட்டுக்கு இறங்கினது செய்தியில் பார்த்ததுதான். சுனாமிக்குப் பிறகு இந்த றோட்டால் வந்த வெள்ளை ஜீப்புகள், பிறகு வந்த மந்திரிமாரின் வாகனங்கள், காணி பார்க்க வந்தவர்களின் வாகனங்கள் எல்லாம் இதே உயரம், இதே கண்ணாடி. ஒரு காரை ஓட்டுகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். றோட்டோரம் வாங்கில் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுதினதில்லை.

“இல்ல ஐயா, ஒபிஸ் இல்ல. பெத்தாவக் கூட்டி வந்த நான்.”

அவர் நம்பவில்லை. பெத்தா பின் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியில் போட்டு, தன் அப்பாவின் பேரைச் சொன்னா. ஐயா கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். பிறகு அவருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். “அட, நீயாகா?” என்றார். பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எனக்கு பிளேன்ரீ வந்தது. காசு எடுக்கவில்லை.

வளவுக்குப் போகிற பாதையில் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணலைக் கண்டதும், வேகமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று அமத்தினேன். ஐம்பது யார் போயிருக்கும். சில்லு அச்சுவரை இறங்கிவிட்டது. இன்னும் அமத்த, இன்னும் இறங்கியது. லேண்ட்மாஸ்டரில் வந்த ஒரு தம்பி இறங்கி, ஒன்றும் பேசாமல் குந்தி, சாவி நுனியால் நாலு ரயரிலும் காத்தைத் திறந்துவிட்டான்.

“காத்த இறக்காம மணலுக்க வரலாமா அண்ண?”

அரைவாசிக் காத்து போக ரயர் ஒட்டகத்தின் பாதம்மாதிரி அகன்று பரந்தது. நாலு சில்லுக்கும் சக்தி போகிற லோ கியரைப் போட்டு, அக்ஸிலேற்றரைத் தொட்டும் தொடாமலும் விட்டேன். கைகளால் தோண்டின மணலுக்குள் இருந்து அந்த இரண்டு தொன் மெல்ல எழும்பி நடக்கத் தொடங்கியது. அப்போது ஸ்டியரிங் கதைத்தது. மணல் எங்கே இறுக்கம், எங்கே இளக்கம், முன் சில்லு எந்தப் பக்கம் சரியப் பார்க்கிறது, எல்லாம் கைக்கு வந்தது. மணிக்கு எட்டுக் கிலோமீற்றர். நான் மூச்சுவிட மறந்திருந்தேன்.

வளவில் வீடு இல்லை. அத்திவாரக் கல் ஒரு வரிசை, மூன்று தென்னை, கிணறு. கிணற்றுக்குள் நாவல் இலை விழுந்து கிடந்தது. தம்பி எங்கேயோ போய் வாளியும் கயிறும் கொண்டுவந்தான். பெத்தா ஸ்டூலைக் கிணற்றடிக்குக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருந்து, கையில் ஏந்திக் குடித்தா.

“உப்பில்ல” என்றா. “பாரு மனே, இன்னும் உப்பில்ல.”

நானும் குடித்தேன். உண்மையில் கொஞ்சம் உப்பாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது காத்து அடிக்க ஓட்டமாவடி வரைக்கும் ஊர்ந்து வந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோன் அடித்தார்கள். வீட்டு வாசலில் பெத்தாவை இறக்கப் போனால் ஸ்டூலைக் காணவில்லை. கிணற்றடியில் விட்டு வந்துவிட்டோம் என்றேன். “நான்தான் விட்டு வந்த” என்றா பெத்தா. மாமாவிடம் அடுத்த சனிக்கிழமைக்கும் மொன்டேரோவைக் கேட்டிருக்கிறேன்.